ஈ மொய்க்கும் மீன்

"ஈ வருது பாருக்கா. மருந்து அடிச்சிருந்தா வருமா?"

மீன் விற்கும் பெண்ணொருத்தி சொன்ன இந்தச் சொல் சில மாதங்களாக என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தெருக்கடைகளில் ஒன்று அவளுடையது. பலகையில் சங்கராவையும் காணாங்கெளுத்தியையும் பரப்பி வைத்திருந்தாள். மீன்மேல் உட்காரும் ஈயை அவள் விரட்டவில்லை. ஒரு சங்கராவின் கண்மேல் உட்கார்ந்திருந்த ஈயை விரலால் காட்டித்தான் அதைச் சொன்னாள். பக்கத்துக் கடையில் ஓர் இளைஞன். தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி, மீனை அதற்குள் புதைத்து, ஈரச் சாக்கால் மூடியிருந்தான். அங்கே ஈயும் இல்லை, ஆளும் இல்லை. "ஐஸ் நல்லா போட்டா ஈ வராதுக்கா" என்று இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு ஈ மொய்த்த பலகைக்கே போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஈ மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். மல்லிப்பட்டினத்திலிருந்து கூடைக்காரம்மா முதல் பஸ்ஸில் வருவாள். திண்ணையில் கூடையை இறக்கி, மேலே மூடிய ஈரத்துணியை அவள் விலக்கும்போது அப்பாயி முதலில் பார்ப்பது ஈயைத்தான். ஓர் ஈ கூடைக்கு மேலே சுற்றினாலே முகம் சுளித்துவிடும். அதற்குப் பிறகுதான் செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண் துருத்திக்கொண்டு பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பது, வயிற்றில் விரலை அழுத்தி, பள்ளம் விழுந்தால் மீண்டு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு மீனைப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது, அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதில் முதல் பாடம், ஈ உட்கார்ந்த மீன் வேண்டாம் என்பது. மூன்று தலைமுறை கடப்பதற்குள் அந்தப் பாடம் தலைகீழாகிவிட்டது. ஈ உட்காராத மீன் வேண்டாம் என்கிறோம்.

இது எப்போது நடந்தது என்று யோசித்தால் 2018 ஜூன், ஜூலைதான் நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் மாதங்கள் அவை. அங்கே மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே வெளிமாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வரும். அந்த ஜூனில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் 9,000 கிலோவுக்கும் அதிகமான மீனையும் இறாலையும் பிடித்தார்கள். பார்மலின் கலந்திருந்தது. 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று அந்தச் சோதனைக்குப் பெயர். ஜூலையில் அசாம் அரசு ஆந்திர மீனுக்குப் பத்து நாள் தடை போட்டது. கோவா வெளிமாநில மீன் எதுவும் வரக்கூடாது என்று பதினைந்து நாள் தடுத்தது. சென்னையிலும் சிந்தாதிரிப்பேட்டை, காசிமேடு மீன்களைச் சோதித்ததில் சிலவற்றில் பார்மலின் இருந்ததாக நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அரசு தனியாகச் சோதித்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்றது. இரண்டு செய்தியையும் நாங்கள் படித்தோம். வீட்டில் தங்கியது முதல் செய்திதான்.

பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. மருத்துவக் கல்லூரியில் பிணத்தைக் கெடாமல் வைக்க உதவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உறுதியாக வகைப்படுத்தியது. மூச்சின் வழியே உள்ளே போவதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்த முடிவு. வேறொன்றும் உண்டு: சில வகைக் கடல்மீன்கள் செத்த பிறகு அவற்றின் உடலிலேயே இது கொஞ்சம் உண்டாகிறது. யாரும் கலக்காமலே சோதனையில் தெரியும். இத்தனை நுணுக்கத்தையும் காலை ஏழு மணிக்குக் கையில் பையோடு நிற்கும் ஒருத்தி எங்கே வைத்துக்கொள்வாள்? அவள் காதில் 'பிணம்' என்ற சொல் விழுந்தது, போதும்.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. பார்மலின் மீனின் சதையிலுள்ள புரதத்தை இறுக்கிவிடும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கிருமி வளராததால் நாற்றம் எழாது. கெட்டிச் சதையும் நாற்றமின்மையும்தான் அப்பாயி கற்றுத்தந்த புது மீனின் அடையாளங்கள். வீட்டுப் பெண்களின் விரலும் மூக்கும் எதைத் தேடுமோ அதையே அந்த மருந்து தயாரித்துக் கொடுக்கிறது. பழைய மோசடிகள் நம் கவனக்குறைவை நம்பியிருந்தன. கவனமாகப் பார்க்கிறவளையும் வீழ்த்துகிறது இது. அதனால்தான் விரலையும் மூக்கையும் கைவிட்டுவிட்டு நாம் ஈயிடம் போனோம். நமக்கு இல்லாத புலன் அதற்கு இருக்கும் என்ற நம்பிக்கை.

ஆனால் ஈக்கு என்ன தெரியும்? வாசனை பிடித்து வருகிறது. ஐஸில் புதைந்த மீனிலிருந்து வாசனை அதிகம் எழாது, ஈ வராது. வெயிலில் கிடக்கும் மீனிலிருந்து எழும், வரும். காலையில் ஐஸ் வாங்கி, உடைத்து, உருகினால் மறுபடி கொட்டி, லாபத்தில் ஒரு பங்கை அதிலேயே கரைப்பவன் சந்தேகத்துக்குரியவன் ஆகிவிட்டான். கெடத் தொடங்கும் மீனைத் திறந்து வைத்திருப்பவள் யோக்கியமானவள் ஆகிவிட்டாள். அந்தப் பெண்ணைக் குறைசொல்லவில்லை. அவள் மீன் அன்று காலை பிடித்ததாகவே இருக்கலாம். அந்த இளைஞன் மீது எனக்குத் தனிப் பாசமும் இல்லை. சரியாகச் செய்கிறவன் அதை நிரூபிக்க வழியே இல்லாமல் நிற்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எப்போதோ படித்த ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய சிறிய கட்டுரை. பழைய கார் விற்பனையை வைத்து எழுதியது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் காரணம். அறுபதுகளின் கடைசியில் அவர் இந்தியாவில் ஓராண்டு இருந்திருக்கிறார். அதனாலோ என்னவோ, காரைப் பற்றிய அந்தக் கட்டுரையின் நடுவே நம் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். கடையில் வாங்கிய அரிசியில், அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கற்களை வேண்டுமென்றே கலந்திருப்பார்கள், அதைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டும் என்கிறார். படித்தபோது சிலிர்த்துப்போனேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, அம்மாவும் அத்தையும் நாங்களும் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்கிய மாலை வேளைகளை, எங்கிருந்தோ வந்த ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் சொல்வது, நான் புரிந்துகொண்ட அளவில், இதுதான்: ஏமாற்றுகிறவனால் வரும் நஷ்டம் ஏமாந்தவனின் பணம் மட்டும் அல்ல. நல்ல சரக்கையும் மோசமான சரக்கையும் வாங்குகிறவரால் பிரித்தறிய முடியாதபோது நல்ல சரக்கு விற்கிறவன் கடையை மூடிவிட்டுப் போய்விடுகிறான். அந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ஐஸ் பெட்டிக்காரன் இன்னும் எத்தனை ஞாயிறு அந்த இடத்தில் நிற்பான்?

கல் பொறுக்கியதை நினைத்தால் ஏனோ ஏக்கமாக இருக்கிறது. ஏக்கப்பட அதில் ஒன்றும் இல்லை; பெண்களின் கண்ணையும் நேரத்தையும் தின்ற வேலை அது. ஆனால் அந்த மோசடி கண்ணுக்குத் தெரிந்தது. பொறுக்கி எடுத்துத் தூக்கி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது அரிசி. தப்பிய ஒன்று பல்லில் கடிபட்டால் துப்பிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்போம். சந்தேகத்துக்கு ஒரு முடிவு இருந்தது. இன்றைய சந்தேகத்தைப் புடைக்க எந்த முறமும் இல்லை. அதனால்தான் அது ஒரு பொருளோடு நிற்காமல் அடுத்ததற்குத் தாவுகிறது. என் தங்கை வீட்டில் 2018இல் மீனை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரே பேசியது. தங்கை ஆட்டுக்கறியை நிறுத்தினாள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து, அது ஆட்டிறைச்சிதான் என்று சில நாட்களில் சொன்னார்கள். அந்தப் பக்கத்து ஆடுகளுக்கு வால் நீளமாம். அந்தச் செய்தியும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒருமுறை குமட்டியது குமட்டியதுதான். இன்றும் அவள் பிள்ளைகள் வெளியில் பிரியாணி என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த வாலும் இந்த ஈயும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. நம்பிக்கை போன இடத்தில் ஏதோ ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது நமக்கு. கண்ணுக்குத் தெரிவதாக, உடனே சொல்வதாக, யாரிடமும் கேட்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். அது சரியா தவறா என்பது அதற்குப் பிறகுதான்.

சோதனைக்கு வழி இல்லாமல் இல்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் காகிதப் பட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மீன்மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால், சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல வேலை, அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நூறு ரூபாய்க்குக் கூறுபோட்ட மீனை வாங்குகிறவள் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தேய்ப்பாளா? தேய்க்க வேண்டியவள் அவளா? 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். செய்தி வரும்போது பெட்டிகளைத் திறக்கிறார்கள், பிடித்ததைக் கொட்டிப் புதைக்கிறார்கள், படம் வருகிறது. செய்தி இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. சோதித்தோம், இந்தச் சந்தையில் இன்று குறை இல்லை என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால் அந்த இளைஞனுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். தப்பானவனைப் பிடிப்பதோடு ஓர் அரசின் வேலை முடிந்துவிடுகிறதா?

கூடைக்காரம்மாவிடம் திரும்பத் திரும்ப மனம் போகிறது. சில நாள் திண்ணையில் கூடையை இறக்காமலே "இன்னிக்கி வேணாம் ஆத்தா, நேத்து மீனு" என்று அவளே சொல்லிவிட்டுப் போவாள். அப்பாயிக்கு அவள்மேல் இருந்த நம்பிக்கையில் அந்த நாட்களுக்குத்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். விற்காத நாட்கள். மறுநாளும் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அப்பாயிக்கும் தெரியும். செவுளும் கண்ணும் பார்த்ததெல்லாம் அதற்கு மேலேதான். இப்படி எழுதும்போதே சந்தேகம் வருகிறது. வேறு தெருக்காரர்களிடமும் அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா? தட்டிக்கேட்கும் குரல் இல்லாதவர்களுக்கு நேற்றைய மீன் போகவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பழைய நம்பிக்கை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா, திண்ணை வைத்த வீடுகளுக்கு மட்டுமா? சட்டமும் பரிசோதனைக் கூடமும் முகம் பார்க்காமல் எல்லோருக்கும் காவல் நிற்கவேண்டும் என்பதற்காக வந்தவை. அவற்றைத் தள்ளிவிட்டுத் தெரிந்த முகத்துக்கே திரும்புவோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அம்மா, ஆப்ல மீன் வாங்கலாமா? எந்த ஊர் மீன், என்னைக்குப் பிடிச்சதுன்னு பாக்கெட்ல போட்டிருக்கு." அவள் கடலைவிட்டு வெகு தூரத்தில் இருக்கிறாள். வீடு மாறிக்கொண்டே இருப்பவள். ஒரு மீன்காரரின் முகம் பழகுவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள். செவுள் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்கு வருவது தலை நறுக்கி, கழுவி, துண்டு போட்ட மீன். பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நம்பாதே என்று சொல்லவும் இல்லை. நம்பாதே என்றால் அவளும் தங்கை வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாக விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. விட்டது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. வாங்கிச் சமைத்துப் பார், பிறகு பேசலாம் என்று சொன்னேன். சமைத்தாளா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் எதைப் பார்த்து வாங்குவது என்று திருப்பிக் கேட்பாள். அதற்குச் சொல்ல எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.