ஜாதிக் கட்டத்தில் ஒரு பொய்

இறந்தவருக்குத் தம்மை மறைத்துக்கொள்ளும் உரிமை உண்டா? உண்டு என்றால் அவருக்காக அதைக் காப்பது யார்? வம்சத்தைத் தேடுவது பொழுதுபோக்காகவும் வியாபாரமாகவும் ஆகிவிட்ட இன்று, தேடுகிறவரின் உரிமையைப் பற்றித்தான் பேச்சு. தேடப்படுகிறவர் வெறும் விடை. விடைக்கு உரிமைகள் கிடையாது.

என் முன்னுள்ள விஷயம் சிறியது. 1860 நவம்பர் 16ந் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையில் ஏற்றிய கூலிகளை நேட்டாலில், டர்பனில், கொண்டுவந்து சேர்த்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தத்தில் போனவர்கள் 1,52,184 பேர். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். அப்பட்டியல்களை இன்று வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் போனார். ‘நேட்டாலுக்குப் போனவர்’ என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பெயரும் தகப்பன் பெயரும் கிராமமும் பொருந்துகிற ஒரு வரி பட்டியலில் இருக்கிறது. இடது முழங்காலில் தழும்பு என்றும் இருக்கிறது. ஜாதி மட்டும் எங்களுடையதல்ல.

குமாஸ்தா பிசகினார் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு ஜாதிப் பெயர்களுக்கும் ஒலியில் எந்த ஒற்றுமையும் இல்லை. கப்பலேறும்போது ஜாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இவரும் மாற்றித்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். மேலா கீழா என்று இங்கே எழுதப்போவதில்லை. அதை அறியத் துடிக்கிற மனம்தான் இக்கட்டுரையின் விஷயம்.

ஏழை காகிதத்தில் ஏறுவது தன் இஷ்டத்தால் அல்ல. விற்கப்படும்போது அடிமை ஓலையில் ஏறுகிறான். ஏற்றுமதியாகும்போது கப்பல் பட்டியலில். மொரீஷியஸில் 1867ல் வந்த சட்டம், ஒப்பந்தம் முடிந்த கூலிகளும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. அப்படங்கள் இன்று அங்கே மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாம் முன்னோர் முகம் என்று உருகிப் பார்ப்பது, ஓடினால் பிடிப்பதற்காக எடுத்த படம். தழும்பைக் குறித்ததும் அதற்குத்தான். தழும்பைக் குமாஸ்தாவே கண்ணால் பார்த்துக்கொள்வார். வயதை உத்தேசிப்பார். ஜாதிக் கட்டத்துக்கு மட்டும் கூலியின் வாயை எதிர்பார்த்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் அந்த மனிதருக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த ஒரு கட்டம்தான். அதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

இப்போது டர்பனிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண்ணுக்குரியவரின் கொள்ளுப்பேரன். குழாயில் எச்சில் துப்பி அனுப்பச் சொல்கிறார். இரு குடும்பமும் ஒன்றுதானா என்று மரபணுவில் பார்க்கலாம் என்கிறார். இதைக் கேலி செய்ய என்னால் முடியாது. ஊர் உள்ளவனுக்கு ஊரை அலட்சியம் செய்வது சுலபம். மறப்பதற்குக்கூட அவருக்கு ஒன்றும் மிச்சம் வைக்கப்படவில்லை. ஆனால் தம் குடும்பம் இன்ன ஜாதி என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுகிறார். கப்பலில் சொல்லப்பட்ட அதே ஜாதி.

மரபணு என்ன சொல்லும்? அவருக்கும் எனக்கும் பொதுவானவர் என் எள்ளுத்தாத்தா. இவ்வளவு தூரத்து உறவில் ஏறக்குறைய பத்தில் ஒரு ஜோடிக்குக் கண்டறியும்படியான பொதுத் துண்டு ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி உதிர்கிறது. எது உதிரும் என்பதற்கு நியதி இல்லை. மறுபுறம், மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிவந்த நம் குடும்பங்களில் உறவு உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும். ரத்தம் சாட்சி சொல்லும் என்பது நம்பிக்கை. அதற்கு ஞாபக மறதியும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. நெடுங்காலம் ஜாதிக்குள்ளேயே மணந்ததன் தடம் மட்டும் அதில் அழுத்தமாக இருக்கிறது. 2013ல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வழக்கம் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் இறுகியது என்று கணிக்கிறது. கப்பலேறி அவர் எதிலிருந்து தப்பினாரோ அதைத்தான் குழாய் திரும்பக் கொண்டுவரும்.

மேலும், என் எச்சில் என்னுடையது மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் கொலைகள் செய்த ஒருவன் 2018ல் பிடிபட்டது, முகமறியாத தூரத்து உறவினர்கள் தந்திருந்த மரபணு விவரங்களால். கொலைகாரன் பிடிபட்டது நல்லதே. ஆனால் ஒருவர் துப்பினால் நூறு பேர் பேசியதாகிறது என்பதும் அங்கே நிரூபணமானது. பெயர்பெற்ற அமெரிக்க மரபணுக் கம்பெனி ஒன்றில் 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின; 2025 மார்ச்சில் அக்கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. வம்சமும் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவு வேறு விதம். பழைய கையெழுத்தைப் படித்துத் தருகிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு வரியைக் கொடுத்து இவர் வாழ்க்கையை எழுது என்றால் தயங்காமல் எழுதுகிறது. பஞ்சம், அழுகிற தாய், கரும்புத் தோட்டம், குலையாத நம்பிக்கை. பலருக்கு நேர்ந்ததை இவருக்கும் நேர்ந்ததாக்குகிறது. வழக்கத்தை மீறிய ஒரே செயல் பட்டியலில் இருக்கிறது. அதையே நிஜ ஜாதியாகக் கொண்டு மேலே கட்டிவிடுகிறது. பழைய புகைப்படத்து முகங்களைக் கண்சிமிட்டிச் சிரிக்கவைக்கும் ஒரு கருவி 2021ல் வந்தது. மொரீஷியஸ் சீட்டுப் படங்களில் ஒன்றை அதில் இட்டால் அந்த மனிதர் புன்னகைப்பார். யாருக்காக? அன்று காமிரா முன் அவர் கொடுக்க மறுத்தது அது ஒன்றைத்தான்.

அவர் சொன்னதும் பொய், இயந்திரம் சொல்வதும் பொய் என்று சமன் செய்ய முடியாது. பொய்க்கும் ஓர் ஆள் வேண்டும். அவருடைய பொய்க்குப் பின்னால் ஒரு முடிவு இருந்தது. கண்டுபிடிக்கப்படும் பயம் இருந்தது. ஆயுள் முழுவதும் அதைச் சுமந்த முதுகு இருந்தது. இயந்திரத்தின் கதைக்கு விலை கொடுத்தவர் யாருமில்லை. நடந்ததற்கு அது பொருந்தினாலும் உண்மையாகிவிடாது.

அப்படியானால் மௌனம் காப்பதா? டர்பன்காரரிடம் மறைப்பதும் ஒரு வகை எஜமானத்தனம். அவருக்கு எது தெரியலாம் என்று தீர்மானிக்க நான் குமாஸ்தா அல்ல. யோசித்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. அந்தப் பொய்யின் வாரிசு அவர், நான் அல்ல. அதன் பேரில் நான்கு தலைமுறை கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வாழ்ந்திருக்கிறார்கள். அதைத் திறக்கும் உரிமை அவருக்கு உண்டு. திருத்தும் உரிமை எனக்கில்லை.

ஆகவே ஊரின் பெயரை எழுதுகிறேன். இன்னும் இடியாமல் நிற்கும் அரைச்சுவரையும் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியையும் எழுதுகிறேன். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடும் சுபாவம் குழாய்க்கு உண்டு, பட்டியலில் உள்ளது அப்படியே திரும்பி வராமல் போகலாம், அப்போதும் வேண்டும் என்றால் எழுதுங்கள், துப்பி அனுப்புகிறேன் என்றும் எழுதுகிறேன். எங்கள் ஜாதியைக் குறிப்பிடவில்லை. கேட்டால் சொல்வேன்.