தண்ணீர் குப்பையா?

2008 பிப்ரவரியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய அரிசோனாவின் புவனோஸ் ஐரிஸ் வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு தொண்டருக்கு அபராதச் சீட்டு எழுதினார்கள். குப்பை போட்டார் என்பது குற்றம். குப்பை என்று சொல்லப்பட்டவை மூடி திறக்காத, குடிநீர் நிரம்பிய பிளாஸ்டிக் கேன்கள். எல்லை தாண்டி நடந்து வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஒற்றையடிப் பாதையோரம் அவர் வைத்துவிட்டுப் போனவை. இரண்டு நாள் முன்புதான் அந்த வட்டாரத்தில் எல் சால்வடாரிலிருந்து வந்த பதினான்கு வயதுச் சிறுமியின் சடலத்தை அவர் கண்டெடுத்திருந்தார்.

கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனிதர் குடிக்கவென்று வைத்த தண்ணீர் 'குப்பை' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதில் சட்டம் தெளிவாக இல்லை, ஆகவே ஐயத்தின் பலன் அவருக்கு. ஒரு சொல்லின் பொருளைக் கொண்டு வழக்கு முடிந்தது. அதற்கு அடியில் கிடந்த கேள்வி முடியவில்லை. தன் எல்லையைக் காக்க ஒரு நாட்டுக்கு இருக்கும் உரிமை, அங்கே நா வறண்டு விழுகிறவனுக்குத் தண்ணீர் எட்டாமல் செய்வது வரைக்கும் போகுமா?

உரிமை இருக்கிறது என்பதில் சண்டைக்கு இடமில்லை. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யாத நாடு எதுவும் இல்லை. அனுமதியின்றி வந்தவரைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதை மட்டும் வைத்து அந்த நாட்டைக் கொடியது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க எல்லைக் காவல் படையும் நெடுங்காலம் அதைத்தான் செய்துவந்தது. 1993இல் முறை மாறியது. எல் பாசோ நகரில் அதன் தலைமை அதிகாரியாக இருந்த சில்வெஸ்ட்ரே ரேயஸ் தன் ஆட்களை ஆற்றோரம் வரிசையாக நிறுத்தினார். அந்த நகரம் வழியே வருவது சட்டென்று குறைந்தது. மறு ஆண்டு சான் டியேகோவிலும் அதே ஏற்பாடு. நகரங்களை ஒட்டிய சுலபமான வழிகளை அடைத்துவிட்டால், மீதியிருக்கும் மலையையும் பாலைவனத்தையும் பார்த்து ஆட்கள் தாங்களாகவே திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு. அப்படி ஆளரவமற்ற இடங்கள் வழியே வருகிறவர்கள் உயிராபத்தில் சிக்கக்கூடும் என்று 1994ஆம் ஆண்டின் திட்ட ஆவணமே எழுதி வைத்திருக்கிறது.

திரும்பவில்லை. சொனோரா பாலைவனத்துக்குள் நடந்தார்கள்.

கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். எல்லையிலிருந்து வண்டி ஏறக்கூடிய சாலைக்குப் போய்ச் சேர நான்கைந்து நாள் நடக்க வேண்டியிருக்கும். நாளுக்கு ஐந்து லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஐந்து நாளுக்கு இருபத்தைந்து லிட்டர், அதாவது இருபத்தைந்து கிலோ. அவ்வளவையும் சுமந்துகொண்டு, இரவில், மலைச்சரிவில், குழந்தையோடு நடக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தேவைக்குக் குறைவான தண்ணீரோடுதான் கிளம்புகிறார்கள். வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கருப்பு நிறக் கேன். காலடித் தடம் விழாதிருக்கக் கம்பளித் துணியில் தைத்த செருப்புறை. காவல் படையும் சளைத்ததில்லை. பழைய டயர்களை வண்டியில் கட்டி இழுத்து மண் பாதையை வழவழப்பாக்கி வைத்து, மறுநாள் காலை அதில் புதுத் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். இந்த ஒளிந்து பிடிக்கும் ஆட்டத்தில் ஒரு நேர்மை உண்டு. இரு பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் வீடு திரும்பலாம். மூன்றாவதாக வெயிலை ஆட்டத்தில் சேர்த்ததும் அது வேறாகிவிட்டது.

வெயிலை அரசா உண்டாக்கியது என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றி மின்வேலி போடும் விவசாயியை நம் ஊரில் பார்க்கிறோம். பயிரைக் காக்க அவருக்கு உரிமை உண்டு. வேலியில் மின்சாரத்தைத் திருடிப் பாய்ச்சி, இருட்டில் ஒருவர் மிதித்துச் செத்தால் போலீஸ் அவரைத்தான் தேடி வரும். 'நான் பன்றிக்குத்தான் வைத்தேன்' என்ற பதில் எடுபடாது. பாலைவனத்துக்கு மின்சாரம் யாரும் பாய்ச்சவில்லை என்பது உண்மைதான், அந்த அளவுக்கு உவமை நொண்டும். ஆனால் பாலத்தை அடைத்துவிட்டு, வெள்ளம் ஓடும் ஆற்றுத் துறையை மட்டும் திறந்து வைப்பவனுக்கு ஆற்றில் நடப்பதில் பங்கே இல்லையா?

பங்கின் அளவு காலத்தோடு மாறுகிறது. 1994இல் ஒருவர், ஆபத்தைக் கண்டு யாரும் வரமாட்டார்கள் என்று மனதார நம்பியிருக்கலாம். குடியேற்றத் துறையின் அன்றைய தலைவர் டோரிஸ் மைஸ்னர், நிலப்பரப்பு தங்களுக்குத் துணை நிற்கும் என்று நம்பியதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அந்த நம்பிக்கையைத் தப்புக் கணக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் 2001 மே மாதம் அரிசோனாவின் கபேசா ப்ரியெட்டா காப்பகத்தை ஒட்டிய பாலையில் 14 பேர் ஒரே பயணத்தில் மடிந்தார்கள். அந்தக் காப்பகத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்க 'ஹ்யூமேன் பார்டர்ஸ்' அமைப்பு அதற்கு முன்பே அனுமதி கேட்டிருந்தது, மறுக்கப்பட்டது. 1995க்குப் பின் எல்லைச் சாவுகள் இரு மடங்காகிவிட்டன என்று 2006இல் அரசின் கணக்காய்வு அலுவலகமே அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் அதே வழிகளை அடைத்து, அதே வழியைத் திறந்து வைத்திருந்தால், சாவை எதிர்பாராத பக்கவிளைவு என்று சொல்ல முடியாது. தெரிந்தே அதன்மேல் சாய்ந்து நிற்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

எதிர்வாதத்தில் கனமானது ஒன்று உண்டு. தண்ணீர் வைத்தால் துணிந்து அதிகம் பேர் வருவார்கள், அவர்களில் சிலர் சாவார்கள், ஆகவே வைப்பவரும் அந்தச் சாவுக்குப் பொறுப்பு. ஆட்களை ஏமாற்றிப் பாலையில் பாதியில் விட்டு ஓடும் ஏஜென்ட்டுகள் இருப்பது உண்மை. அவர்கள் எந்த நல்லெண்ணத்தையும் காசாக்குவார்கள். இருந்தும், ஊரில் கடனும் துப்பாக்கியும் துரத்த நிலத்தை விற்றுக் கிளம்பும் ஒருவர், எங்கோ ஒரு புதருக்கடியில் கேன் இருக்குமாம் என்று கேட்டுக் கிளம்புகிறார் என்பதை நம்புவது கடினம். நம்பினாலும், அந்த வாதம் தன்னையறியாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: சாகும் வாய்ப்பு குறையாமல் இருந்தால்தான் தடுப்பு வேலை செய்யும். அதே கபேசா ப்ரியெட்டா காப்பகத்தில் தண்ணீர் வைத்த நான்கு பெண்கள் மீதான தண்டனையை 2020 பிப்ரவரியில் ரத்து செய்த நீதிபதி ரோஸ்மேரி மார்கெஸ் இந்த இடத்தைத்தான் பிடித்தார். சாவைக் காட்டித் தடுக்கும் உத்திக்குக் குறுக்கே வராதே என்று அரசு கேட்பதாக ஆகிறது. இந்தத் தர்க்கம் கொடூரமானது என்று எழுதினார்.

அந்தப் பெண்கள் விடுபட்டது மதச் சுதந்திரச் சட்டத்தின் கீழ். தண்ணீர் கொடுப்பது தங்கள் ஆன்மிக நம்பிக்கை என்று அவர்கள் நிறுவ வேண்டியிருந்தது. எந்தச் சாமியையும் துணைக்கு அழைக்காமல், தாகம் என்றால் தண்ணீர் கொடுப்பேன் என்று மட்டும் சொல்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே? சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவரிடம் நம்பிக்கைச் சான்றிதழ் கேட்பது போன்றது இது.

காவலர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 1998 முதல் அப்படைக்குள்ளேயே ஒரு மீட்புப் பிரிவு இயங்குகிறது. பொத்தானை அழுத்தினால் உதவி வரும் கம்பங்களைப் பாலையில் நட்டிருக்கிறார்கள். பலர் அவர்கள் கொடுத்த தண்ணீரால் பிழைத்திருக்கிறார்கள். அதே சீருடையில் சிலர் கேன்களைக் காலால் எட்டி உதைத்துக் கொட்டும் காணொளியை 2018 ஜனவரியில் 'நோ மோர் டெத்ஸ்' என்ற தொண்டு அமைப்பு வெளியிட்டது. மூன்றாண்டுகளுக்கு மேலான காலத்தில் 3,500க்கும் அதிகமான கேன்கள் சேதமாக்கப்பட்டதாகவும் அது கணக்குக் காட்டியது. மீட்பவர் தண்ணீர் கொடுத்துக் கைது செய்கிறார்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொட்டுபவர் யாரையும் கைது செய்யவில்லை. அவர் கொட்டிய தண்ணீரால் எல்லை எந்த வகையில் பத்திரமானது என்று அவராலேயே சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

சிக்கல் தண்ணீரோடு முடிவதில்லை. அந்தக் காணொளி வெளியான நாளிலேயே, அஹோ என்ற சிற்றூரில், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இருவரைச் சில நாட்கள் தங்கவைத்துச் சோறும் படுக்கையும் கொடுத்ததாக ஒரு புவியியல் ஆசிரியர் கைதானார். தண்ணீர் கேன் யாரையும் ஒளித்து வைக்காது. வீடு ஒளித்து வைக்கலாம். காலில் கொப்புளத்தோடு வந்தவரை எத்தனை நாள் வைத்திருந்தால் வைத்தியம், எத்தனையாவது நாளில் அது மறைப்பு? 2019இல் முதல் ஜூரியால் ஒத்த முடிவுக்கு வர இயலவில்லை, எட்டுப் பேர் விடுவிக்கும் பக்கம், நான்கு பேர் தண்டிக்கும் பக்கம். அந்த நால்வரைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கோடு உண்மையிலேயே மங்கலாக இருந்தது. இரண்டாவது ஜூரி நவம்பரில் அவரை விடுவித்தது.

டூசான் நகரில் பிமா மாவட்டப் பிணப் பரிசோதனை அலுவலகத்துக்குப் பாலையிலிருந்து உடல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பலவற்றில் அடையாளச் சீட்டு இருக்காது. சிலரின் கை காய்ந்து சுருங்கி, விரல் ரேகை தெரியாமல் போயிருக்கும். அந்தக் கையைத் தனியே எடுத்து, ஒரு கரைசலில் ஊறவைப்பார்கள். ஈரம் ஏறிச் சதை பழையபடி உப்பிய பிறகு, மையில் ஒற்றி ரேகை எடுப்பார்கள்.