சத்திரத்துக்குக் கொண்டு போவது யார்?



எருசலேமிலிருந்து யெரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியனும் விலகிப் போனதைப் பற்றியே பிரசங்கங்கள் அதிகம் பேசுகின்றன. சமாரியன் இரங்கினான் என்பதோடு நாமும் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். புனித லூக்காஸோ அதற்கு மேலும் எழுதுகிறார். காயங்களில் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான். (அந்த இரசம் புண்ணுக்கு வார்க்கப்பட்டதேயன்றி வாய்க்கல்ல என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது.) தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு போனான். அங்கே தானே கூட இருந்து பராமரித்தான். மறுநாள் இரண்டு வெள்ளிக்காசைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான்.

இன்று நம் பங்குகளில் குற்றுயிராய்க் கிடப்பவன் தெருவோரத்தில் மட்டும் கிடப்பதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறான். தகப்பன் தவறணையிலிருந்தும் கசிப்புக்காரன் வீட்டிலிருந்தும் வருகிறான். மகன் ஹெரோயினுக்கும் ஐசுக்கும் தாயின் தோட்டை அடகு வைக்கிறான். இவர்களுக்காக நாம் செய்வது என்ன? மடுவுக்குக் கொண்டு போய் மாதாவின் முன்னிலையில் சத்தியம் செய்விக்கிறோம். கச்சதீவுத் திருநாளில் புனித அந்தோனியார் முன் மெழுகுதிரி பிடிக்க வைக்கிறோம். 'இனிமேல் தொட்டால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய்' என்று மனைவி அழுகிறாள். அவரும் மனம் உருகி, இனி ஒரு துளியும் தொடேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது முழு உண்மை.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பல வருடங்களாக நாள்தோறும் நிறையக் குடித்தவரின் உடலும் மூளையும் மதுசாரத்துக்குப் பழகிவிட்டன. அது திடீரென்று நின்றால், முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் மதிமயக்கம் ஏற்படும். சுவரில் பூச்சியும் பாம்பும் ஊர்வதாகச் சொல்லுவார். இல்லாத ஆட்களோடு கதைப்பார். வீட்டாரையே அடையாளம் தெரியாது நிற்பார். வீட்டிலுள்ளவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று பயந்து அறைவீட்டுக்கு ஓடி வருவார்கள், தீர்த்தம் கேட்டு.

தீர்த்தம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். அந்தச் சேவை இலவசம். இது பேயல்ல, வைத்தியம் இல்லாவிட்டால் உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய்.

ஆகவே, ஒரு குருவானவர் இப்படிச் சொல்வதா என்று யாரும் திடுக்கிட வேண்டாம்: கடுங்குடியில் இருப்பவர் வைத்தியரைக் காணும் முன் ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடாது. சத்தியம் செய்யும் நாளுக்கு முன்னதாகவே ஆஸ்பத்திரி வாசலை மிதியுங்கள். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். குடித்துக் குடித்துச் சோறு மறந்தவர்களுக்கு அந்த விற்றமின் குறைந்து, மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகம் நிரந்தரமாகக் கெட்டுப்போவதுண்டு. பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கி நீங்களாகவே கொடுத்துப் பார்க்க வேண்டாம். குடியோடு அது சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

செபத்துக்கும் மருந்துக்கும் சண்டை மூட்டுவது வேதாகமம் அறியாத வேலை. சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். வைத்தியனை மதிக்கச் சொல்கிறது. மருந்தைப் பூமியிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவர் என்கிறது. நோயாளியைச் செபிக்கச் சொல்லிவிட்டு, உடனே வைத்தியனுக்கும் இடம் விடச் சொல்கிறது.

எங்கே போவது என்கிறீர்களா? தூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. வன்னியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். போதைப்பொருள் பற்றிப் பேச, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இருக்கிறது. மனநல உதவிக்கு 1926. 1984இல் தொடங்கிய அந்தச் சபையின் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, காலி, கண்டி என்று தெற்கையும் மலைநாட்டையும் பார்த்தே அமைந்தன. தமிழில் மனந்திறந்து அழவேண்டிய ஒரு பெடியனுக்கு இது சிறிய குறையல்ல. கேட்க வேண்டியவர்களிடம் நாம் கேட்டே ஆக வேண்டும். அதற்காக, பக்கத்து ஆஸ்பத்திரியில் இருப்பதை விட்டுவிடுவதும் புத்தியல்ல.

இவ்வளவும் இருந்தும் ஏன் போவதில்லை? 'மனநலப் பிரிவு' என்ற பலகை நம்மைத் தடுக்கிறது. "ஊருக்குத் தெரிஞ்சால் பெட்டையின்ர கலியாணம் என்னாகும், சுவாமி?" இந்தக் கேள்வியைக் கேளாத பங்குக்குரு இருக்கமாட்டார். ஊருக்கு என்ன தெரியாது? ஒவ்வொரு இரவும் அவர் ஒழுங்கை முழுவதும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதை ஊர் கேட்கிறது. ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் அவருக்கு வைத்தியம் செய்விக்கிறீர்கள் என்பது.

போதைப்பொருள் என்றால் வெட்கத்தோடு பொலிஸ் பயமும் சேர்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், நீதவான் கட்டளையிட்டு ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழி வைத்தது. கந்தகாடு என்ற பெயரைக் கேட்டாலே தாய்மார் நடுங்குவது இதனால்தான். ஆனால் தானாக முன்வந்து சிகிச்சை பெறவும் அதே சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றக் கூட்டில் ஏறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இன்னொன்றையும் தாய்மார் மனதில் வைக்க வேண்டும். ஹெரோயினைச் சில வாரம் நிறுத்தியவன், சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வந்து பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடல் அதைத் தாங்காது; மூச்சு நின்று சாகலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரங்களே ஆபத்தானவை. அந்த வாரங்களில்தான் நாம் 'சுகமாகிவிட்டான்' என்று அவனைத் தனியே விடுகிறோம்.

டப்ளின் நகரத்துத் தொழிலாளி மற் ரல்பொற்றை உங்களிற் சிலர் அறிந்திருக்கலாம். சிறுவயதிலேயே குடிக்கத் தொடங்கியவர், 28ஆம் வயதில், 1884இல், குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஆயுள் முழுவதற்கும் அல்ல, முதலில் மூன்று மாதத்துக்கு! அதைக் கடந்த பின்னரே காலத்தை நீட்டினார். குடிக்கடைக்குப் போகாதிருக்கச் சட்டைப்பையில் காசு வையாமல் நடந்தார் என்பார்கள். 1925இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். இன்றுள்ள மருந்துகள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு வாய்க்காதது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இவரை விட எனக்கு அதிகம் பிடித்தவர் இக்னேசியா என்ற கன்னியாஸ்திரி. அமெரிக்காவில் அக்ரன் நகரத்துப் புனித தோமையார் ஆஸ்பத்திரியில் நோயாளரை அனுமதிக்கும் மேசையில் இருந்தவர். குடிகாரருக்குக் கட்டில் கொடுக்க ஆஸ்பத்திரிகள் தயங்கிய 1939இல், டொக்டர் பொப் சிமித் கொண்டுவந்த ஒருவரை இரைப்பை அழற்சி என்று பதிந்து சேர்த்துக்கொண்டார். அந்த டொக்டரும் பில் வில்சன் என்பவரும், இருவருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள், 1935இல் அதே நகரில் தொடங்கியதுதான் ஏ.ஏ. என்னும் சங்கம். அதில் குடியை விட்டவரும் விட முயல்பவரும் ஒன்றுகூடித் தம் கதையை ஒளியாமல் சொல்லுகிறார்கள், அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு ஓர் அறையும் சில கதிரைகளும் ஒரு கேத்தில் தேத்தண்ணீரும் போதும். நம் பங்கு மண்டபங்கள் கிழமையில் எத்தனை மாலை பூட்டிக் கிடக்கின்றன?

திருநாள் செலவுக்கணக்கில் வாணத்துக்குப் போகும் காசைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. அதை வேறொரு கிழமை பார்ப்போம். ஆனால் திருநாளிரவில் கோயில் மதிலுக்குப் பின்னால் போத்தல் உடைபடுவதை நாம் கேளாதவர்போல் இருந்துகொண்டு, மறுநாள் குடிகாரனைப் பீடத்திலிருந்து ஏசுவது நியாயமல்ல.

கடைசியாக, சிகிச்சை பெற்றவர் மறுபடி குடித்துவிட்டால் சத்தியத்தை மீறினான் என்று கைவிடாதீர்கள். சீனி வருத்தக்காரர் ஒருநாள் இனிப்புத் தின்றால் அவருடைய கிளினிக் கொப்பியைக் கிழித்துப் போடுகிறோமா? திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறோம். சமாரியனும் திரும்பி வருவேன் என்றுதான் சத்திரக்காரனிடம் சொன்னான்.

இந்தக் கிழமை உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, கலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கு வேலையை விட்டு அவரோடு பஸ் ஏறப் போவது மனைவியா, தமையனா, அயல்வீட்டு மாமாவா என்பதை, அவர் வெறியில்லாமல் இருக்கும் ஒரு காலை நேரத்தில், அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அறைவீட்டுக் கதவைத் தட்டுங்கள்.