வீழ்ந்த மரமும் விழைவும்

மரத்தை வெட்டுதல் தகுமா என்னும் வினா பழையது. தானே வீழ்ந்த மரத்தை எடுத்துக்கொள்ளுதல் தகுமா என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை. அதனால் எவர்க்குங் கேடில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் ஆராய்தற்குரியது.

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழ அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. அதன் பெயரிலேயே மாமரம் நிற்கின்றது. வேலியிற் பூவரசு, வளவில் மாவும் புளியும் தென்னையும் என மரங்களோடு ஒன்றிய வாழ்க்கை அப்பகுதியினது. வீழ்ந்த மரமும் அங்குப் புதிதன்று. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி கிழக்குக் கரையின் தென்னந்தோப்புகளைப் பேரளவிற் சாய்த்தது.

தொழின்முறைத் தச்சர் முதிரையையும் தேக்கையும் நாடுவர். பொழுதுபோக்காக மரவேலை பயில்பவரோ பிறர் ஒதுக்கியதையே தேடுவர். பூவரசின் செங்கபில வைரம், தென்னையின் அடிமரத்திற் புள்ளிபுள்ளியாய்த் தோன்றும் நார்க்கட்டுகள், அழுகத் தொடங்கிய மாவிற் பூஞ்சணம் வரையுங் கருங்கோடுகள் ஆகியன அவர்க்குச் செல்வமாகும்.

இம்முயற்சிக்குச் சார்பான நியாயங்கள் வலியன. ஒரு நாளில் எரிந்துபோகுங் கட்டை கிண்ணமாகிப் பல்லாண்டு நிலைக்கின்றது. மேலும், அழுகுந் தென்னங்குற்றிகளிற் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்குந் தென்னைகளையுங் கெடுக்கும். எனவே குற்றியை அகற்றுதல் நன்றே. வீண்விரயத்தைக் குற்றமெனக் கருதும் முஸ்லிம் ஊரொன்றில் இந்நியாயம் எளிதில் ஏற்கப்படும்.

ஆயினும், வீண் என்று முடிவுசெய்பவர் யார்? கலைஞர் வீணெனக் காணும் விறகு, ஏழை வீட்டில் ஒரு வேளைச் சோற்றை ஆக்குவது. அழகின் உரிமை அடுப்பின் உரிமைக்கு முற்பட்டதாகாது.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. வீழ்ந்த மரத்தை விரும்பத் தொடங்கிய உள்ளம், நிற்கும் மரம் வீழ்வதையும் விரும்பத் தொடங்கலாம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுதலை இலங்கையின் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் கோடரியைக் காணும், விழைவைக் காணாது. தந்தை விட்டுச்சென்ற வளவை மகன் பெறுதல் குற்றமன்று. அவர் இறப்பை எதிர்நோக்கியிருத்தல் குற்றம்.

எண்ணம் மட்டும் மரத்தைச் சாய்க்குமா எனச் சிலர் வினவலாம். சாய்க்காது. ஆனால், வேர் அரிக்கப்பட்ட முதுமாவுக்கு மண் அணைத்து முட்டுக்கொடுக்க வேண்டிய கைகளை அது தாமதிக்கச் செய்யும். தீங்கு செய்யாதிருத்தலும், காக்கத்தக்கதைக் காவாதுவிடுதலும் ஒரே நிலையினவல்ல.

ஆதலால், வீழ்ந்த மரத்தின்மீதான உரிமை, அது நின்ற காலத்து நடத்தையாலேயே அளக்கப்படல் வேண்டும். முட்டுக்கொடுத்துப் பார்த்தும் மரம் வீழ்ந்ததாயின், விறகு வேண்டுவோர்க்குக் கொடுத்தபின் எஞ்சிய துண்டை அவர் மனக்கூச்சமின்றி எடுத்துச் செல்லலாம். அதிற் கடைந்த கிண்ணம் வீட்டிலிருக்க, மரம் நின்ற குழியில் ஒரு மாங்கன்று நடப்படுதலும் அவர் கடனாகும்.