பல்லும் பரம்பரையும்

"அத்தாவுக்கும் நாற்பது வயதில் பல் ஆடியது, நமக்கும் ஆடுகிறது, எல்லாம் நஸீபு" என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்லாவில் இருந்தபடியே நம்மவர் சொல்லக் கேட்கிறோம். பல் நோய் பிறப்போடு வருவதா, பழக்கத்தால் வருவதா என்பது மருத்துவர் ஆராய வேண்டிய கேள்விதான். ஆயினும் அதன் விடையைப் பொறுத்து நம் பொறுப்பும் கூடும் அல்லது குறையும். ஆதலால் வணிகராகிய நாமும் இதைச் சற்று யோசிப்பது தகும்.

பரம்பரை என்பது வெறும் சாக்கு அன்று. பல்லின் மேற்பூச்சே சரியாக உருவாகாத நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அமெரிக்க அறிஞர் மிக்கலோவிட்ஸும் அவருடன் ஆராய்ந்தோரும் 117 ஜோடி இரட்டையரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும் ஈறுநோயில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது என்று கணித்தனர். ஆனால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் முதல் நிலையில், புகைபிடித்தல், பல் வைத்தியரிடம் செல்லுதல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபின் பரம்பரையின் பங்கு புலப்படவே இல்லை!

அது மட்டுமா? பரம்பரை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி வீட்டில் ஒட்டிக்கொண்டது. பல்லைச் சொத்தையாக்கும் கிருமி, தாய் ருசி பார்த்த கரண்டியாலேயே ஊட்டும்போது குழந்தையின் வாய்க்குச் செல்லக்கூடும். பிறகு இருவருக்கும் சொத்தை என்றால் குடும்ப வாகு என்கிறோம். தொழுகைக்கு முன் மிஸ்வாக் செய்யும் வழக்கமும் முன்னோர் நமக்குத் தந்ததுதான். அதைக் கைவிட்டு, ஆடும் பல்லை மட்டும் அவர்கள் தலையில் போடுவது வேடிக்கையே.

நீரிழிவையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு அந்நோய். இந்தியரிடையே அது முப்பத்தொன்று. இதில் பிறப்பின் பங்கும் உண்டு. நீரிழிவு ஈற்றைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை அடங்கவிடாது. டின் பால் ஊற்றிய நாலாவது தே தாரிக்கை வேறொருவர் தாங்கிவிடலாம், இக்குடும்பத்தார் தாங்குவது அரிது. ஆகவே பரம்பரையைக் காரணம் காட்டுகிறவரே மற்றவரினும் கூடுதலாகத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியவர்.

வெற்றிலை பாக்கின் கதை இன்னும் கடுமையானது. புகையிலை சேர்க்காவிட்டால் தோஷமில்லை என்பது பழைய எண்ணம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இந்நாட்டில் வாய்ப்புற்று இந்தியரிடம், சிறப்பாகப் பெண்களிடம், மிகுதி. நன்னி போட்டார், உம்மா போட்டார், மகளும் போடுகிறாள். இதையும் பரம்பரை என்றே சொல்லலாம். ஆனால் இது கைமாறி வருவது நம் கடைத் தட்டின் வழியாக.

இங்கேதான் கேள்வி நம்மிடம் திரும்புகிறது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தார்கள்; பின்னர் அது உயர்ந்தது. நாம் ஆற்றித் தரும் கோப்பைக்கு அவ்வரி இல்லை. அதன் இனிப்பு நம் கையளவு. 'வயது வந்தவர் கேட்கிறார், விற்கிறோம்' என்பது நியாயமான வாதமே. பள்ளி விட்டு வரும் சிறுவனுக்கு அது பொருந்துமா? அவன் கண்ணுக்கு நேராக மிட்டாயை அடுக்குகிறவர் நாமே அன்றோ!

'குராங் மானிஸ்' என்று கேட்பவர்க்குக் குறைத்துத் தருகிறோம். கேளாதவர்க்கும் ஒரு கரண்டி குறைத்தால் ஏமாற்று ஆகுமா? சீனிக் கிண்ணம் மேசைமேல் இருக்கும்வரை ஆகாது என்பது நம் கருத்து. சிலர் எதிர்க்கடைக்குப் போகலாம். அந்த நஷ்டம் தாங்கத்தக்கது. பாக்குப் பொட்டலம் அவ்வளவு எளிதன்று. பல்லாண்டுகளாக வாங்கும் மூதாட்டியிடம் இல்லையென்று சொல்ல நாக்கு எழாது. அவர் கையைப் பிடித்து வரும் பேத்தி நாளை தனக்கென்று வந்து கேட்டால் கொடுக்கலாகாது. இதில் நமக்குள் இரண்டு கருத்துக்கு இடமில்லை.