மரப்புகையின் கணக்கு

இங்கிலாந்தின் டிறாக்ஸ் மின்னிலையத்தில் நிலக்கரியோடு மரக்குளிகைகளும் எரிக்கப்பட்ட ஆண்டுகளில், மரத்தின் காபனீரொட்சைட்டுக்குப் பூச்சியமே இடப்பட்டது. ஆயினும் அரசுகளிடைக் காலநிலைக் குழுவின் 2006 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஒரு கிகாயூல் வெப்பத்துக்கு நிலக்கரி 94.6 கிலோகிராமும் விறகு 112 கிலோகிராமும் அவ்வாயுவை வெளிவிடும். எனின் பூச்சியம் பொய்யா? மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக்கணக்கில் அவ்விழப்பு எழுதப்படும் என்பதே விதி. விதியளவில் அது நேர்மையானதே. ஆனால் குளிகைகளிற் பெரும்பகுதியை அனுப்பிய ஐக்கிய அமெரிக்கா, 1997 இன் கியோத்தோ உடன்படிக்கையை உறுதிசெய்யவேயில்லை. ஆகவே அப்புகை எவருடைய வரம்புக்குள்ளும் அடங்காது போயிற்று. குறைப்பை மதிப்பிடுவோர் முதலில் வினவவேண்டியது, அம்மரம் எரிக்கப்படாதிருப்பின் என்னவாகியிருக்கும் என்பதாகும். ஆலைக்கழிவாயின் உக்கியே போயிருக்கும். முழுமரமாயின் அது மீள வளரப் பல பத்தாண்டுகள் செல்லும்; இடைக்கால வெப்பத்தைத் தாங்குவோருட் பெரும்பாலார் அம்மின்னொளியைக் கண்டவரல்லர்.