உற்சவர் பாடினார்

போனி எம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் நிச்சயம் இருக்கும். கல்யாண வீட்டு மைக்செட்டில் பிள்ளையார் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் ஓய்ந்து, இரண்டு பந்திக்கு நடுவே மைக்செட்காரர் தன் சொந்த ரசனைக்கு ஒன்று போடுவார் பாருங்கள், அப்போது வரும் 'ராஸ்புடின்'. ஒரு வார்த்தை புரியாது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் கால் மட்டும் தானாக ஆடும்.

அது ஜெர்மன் சரக்கு என்பது இன்றும் பல பேருக்குத் தெரியாது. கறுப்பின முகங்கள், இங்கிலீஷ் பாட்டு, அமெரிக்காவாகத்தான் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. கடையை நடத்தியவர் ஃப்ராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன்காரர். எழுபதுகளின் நடுவில் ஸ்டூடியோவில் தன் குரலையே மாற்றி மாற்றிப் பதிவு செய்து, போனி எம் என்று ஒரு பெயர் வைத்து ரெகார்டு வெளியிட்டார். பாட்டு பிடித்துக்கொண்டது. டி.வி.யில் வந்து பாடுங்கள் என்று கூப்பிட்டார்கள். பாட ஆளில்லை! அதற்குப் பிறகுதான் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த நான்கு பேரைச் சேர்த்தார். லிஸ் மிட்செல், மார்ஸியா பாரெட், மெய்ஸி வில்லியம்ஸ், நடுவில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு துள்ளும் பாபி ஃபாரெல்.

1978-ல் வந்த 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' இவர்களுடைய உச்சம். 'ராஸ்புடின்' அதில்தான். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' அதே ஆல்பம். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-ல் பாடிய பாட்டு அது. வரிகள் பைபிளின் 137-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தவை. நாடு பறிபோய் அந்நிய நதிக்கரையில் உட்கார்ந்து அழுதவர்களின் புலம்பல். அதற்குத்தான் உலகமே இடுப்பை ஆட்டியது. இதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். இப்போது வேறு விஷயம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் வந்தபோது, வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா. ஃபைல்கள் லாரியில் வந்தன, இவர் மடியில் டூ-இன்-ஒன்னும் இந்த கேசட்டும் வந்தன. ஓய்வு பெற்றபின் ஒரு நாள் பேரன் செல்போனில் அந்தப் பாட்டின் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டி, "தாத்தா, இந்தாளு பாடவே இல்லையாம். சும்மா வாயசைக்கிறாராம்" என்று சொல்லிவிட்டான். உண்மைதான். ஸ்டூடியோவில் பாடியது லிஸ், மார்ஸியா, அப்புறம் தான் மட்டுமே என்று ஃபாரியனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பாபி வாயில் வந்த அந்தக் கட்டைக் குரல் ஃபாரியனுடையது. மெய்ஸியும் பாடவில்லை.

நண்பர் நொந்துபோய்விட்டார். "நாப்பது வருஷமா ஏமாத்திட்டானுங்கடா."

அவர் மனைவி காபியை வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "தேர்ல வர்றது உற்சவர்தானே? மூலவர் உள்ளேதானே இருக்காரு? அதுக்காக மாட வீதியில நின்னு கும்பிட்டவங்கல்லாம் ஏமாந்துட்டாங்களா என்ன?"

திருவண்ணாமலையில் வாழ்கிறவருக்குத்தான் இப்படித் தோன்றும். யோசித்துப் பாருங்கள், தமிழனுக்கு இதில் அதிர்ச்சியே இருக்கக்கூடாது. டி.எம்.எஸ். பாடினார், எம்.ஜி.ஆர். வாயசைத்தார். அதே டி.எம்.எஸ். பாடினார், சிவாஜி வாயசைத்தார். யாராவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனோமா?

ஆனால், அண்ணி சொன்னதில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூலவர் உள்ளே இருக்கிறார் என்பதைக் கோயிலில் யாரும் மறைக்கவில்லை. சந்நிதிக் கதவு திறந்திருக்கிறது. டி.எம்.எஸ். பெயர் டைட்டிலில் வந்தது, ரெகார்டில் அச்சானது, இலங்கை வானொலியில் பெயர் சொல்லித்தான் பாட்டு போட்டார்கள். வாயசைப்பது குற்றமில்லை. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதை மூடி வைக்கிறார்களே, அங்கேதான் விவகாரம்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதையும் ஃபாரியனே காட்டினார். எண்பதுகளின் கடைசியில் மில்லி வனில்லி என்று இரண்டு அழகான இளைஞர்கள். ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞர்கள் என்று கிராமி விருது கிடைத்தது. நவம்பரில் குட்டு உடைந்தது. ஆல்பத்தில் அவர்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் வழக்கு போட்டு, ஆல்பம் வாங்கியவர்களுக்குச் சில டாலர்கள் திருப்பித் தரவும் ஏற்பாடாயிற்று.

கேட்டு, ஆடி, காதலித்து முடித்த பாட்டுக்கு ரீஃபண்ட்! கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரர் வேறு ஆள் என்று தெரிந்ததும் மொய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. நண்பருடைய நாற்பது வருஷ சந்தோஷத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கேட்டது பொய்க் குரலும் இல்லை, ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வந்ததுதான். பாக்கி இருக்கிறது என்றால் அது நமக்கு இல்லை. மில்லி வனில்லிக்கு நிஜமாகவே பாடிய சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் இவர்களுக்கு. உறையில் அவர்கள் படமும் இல்லை, கிராமி மேடையில் அவர்கள் கையும் இல்லை.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பாட்டில் யோக்கியமாக இருந்த நாம் பேச்சில் அப்படியில்லை. 'முதல் மரியாதை'யில் ராதா நடித்தார், குரல் ராதிகாவுடையது. ராதிகா பெரிய நடிகை, அதனால் இந்த விஷயம் வெளியே தெரிந்தது. மற்றபடி தமிழ் பேச வராத எத்தனை கதாநாயகிகள் நம்மை அழவைத்திருக்கிறார்கள்! தியேட்டரில் கர்சீஃப் எடுத்தோமே, எடுக்க வைத்தது முகமா, இருட்டு அறையில் மைக்குக்கு முன்னால் நின்று விசும்பிய இன்னொரு பெண்ணா? உங்களுக்குப் பிடித்த பத்து கதாநாயகிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பேசியவர்களில் இரண்டு பேர் பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்.

இவ்வளவு சொன்னபிறகு, பாபி ஃபாரெலை வெறும் பொம்மை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. உற்சவர் வேலை லேசானதா என்ன? அந்தக் குரல் ஃபாரியனுடையதாக இருக்கலாம். ஆனால், ஃபாரியன் நின்று பாடினால் கல்யாண வீட்டில் ஒரு காலும் ஆடியிருக்காது என்று ஃபாரியனுக்கே தெரியும், இல்லாவிட்டால் ஆள் தேடியிருப்பாரா? மில்லி வனில்லி ராப் 1998-ல், ஃப்ராங்ஃபர்ட் அருகே ஓர் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். ஃபாரியன் 82 வயதுவரை இருந்து 2024-ல் காலமானார்.

பாபி கடைசிவரை ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தார். 2010 டிசம்பர் 29 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகழ்ச்சி. மேடை ஏறும் முன்பே மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது என்றாராம், இறங்கிய பிறகும் சொன்னாராம். நடுவில் ஆடியிருக்கிறார். மறுநாள் காலை ஓட்டல் அறையில் இறந்திருந்தார், 61 வயது. ராஸ்புடினைக் கொன்றதும் அதே நகரத்தில், 1916-ல், அதே டிசம்பர் 30-ஆம் தேதி.